தீட்டில்லாத வீடு

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து, "மாரியாயி!" என்று இராஜம்மாக்கா கூப்பிட்டாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு நான் வாழ வந்து இரண்டு வருஷமாகிறது. அதுவரை அவளுக்கு நான் 'கடைசி வீடு'தான். எனக்கும் ஒரு பெயர் இருப்பது, தீபாவளியும் அதுவுமாக, அவளுக்கு ஞாபகம் வந்ததே என்று ஊதுகுழலை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"ரமணிக்குப் புள்ள பொறந்துருச்சு. ஆம்பளப் புள்ள," என்றாள். ரமணி அவளுடைய மருமகள். பேரன் பிறந்த முகமாக அது இல்லை.

"இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு சொன்னீங்களே அக்கா?"

"அது யாரக் கேட்டுக்கிட்டுப் பொறக்குது? தீட்டு வந்துருச்சேடி!"

எங்கள் வரிசையில் ஆறு வீடு. முதல் ஐந்தும் இராஜம்மாக்காவின் புருஷன் ரெங்கசாமியண்ணன், அவருடைய தம்பிமார், சிற்றப்பன் மக்கள் வீடுகள். ஒருவர் பின்னால் ஒருவராகக் கப்பலேறி வந்து ரயில்வேயில் சேர்ந்த பங்காளிகள். ஒரு குழந்தை பிறந்ததும் ஐந்து வீட்டுக்கும் சேர்த்துத் தீட்டு. பத்து நாளைக்கு வெளியார் யாரும் அங்கே கை நனைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் ரமணியின் பிறந்த வீட்டார் கிள்ளானிலிருந்து மத்தியான ரயிலில் விருந்துக்கு வருவார்கள். இந்த வருஷம் ஏழு பேர். வர வேண்டாமென்று சேதி சொல்லவும் இனி நேரமில்லை. இராஜம்மாக்கா மசாலா தடவி வைத்த ஆட்டுத்தொடை அப்படியே கிடக்கிறது. மூசா ராவுத்தர் சாப்பாட்டுக்கடை திறந்துதான் இருக்கிறது. ஆனால் சம்மந்தியம்மாள் சீதாலெட்சுமி கடைச் சோற்றை வாயில் வைக்க மாட்டாளாம். கிள்ளானில் இரண்டு ஜவுளிக்கடைக்குச் சொந்தக்காரி, வைக்க மாட்டாள்தான். ஆக, வரிசையிலேயே தீட்டில்லாத வீடு என்னுடையது ஒன்றுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். என் அப்பனும் ஆத்தாளும் கங்காணி ஆள் பிடித்துக் கூட்டிவந்து காப்பார் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இராஜம்மாக்கா வீட்டார் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். இதை அவள் பால்காரனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அந்த ஐந்து வீட்டில் ஒருத்தியும் என் வீட்டில் ஒரு வாய் தின்றதில்லை. முதல் தீபாவளிக்குத் தட்டு நிறைய அதிரசம் கொண்டுபோனேன். "அங்க வச்சிட்டுப் போ" என்றாள். சாயங்காலம் அவள் வீட்டுக் கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. அன்றைக்கு நான் அழுததை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. யாராவது என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஒரு பாயசம், வடை, கோழிக் குழம்பு... சம்மந்தி முன்னாடி என்னத் தலகுனிய வச்சிராத, ஆமா," என்றாள்.

"கோழி உங்க வீட்டுதா அக்கா?"

அவள் யோசித்தாள். "அதுவும் தீட்டு வீட்டுக் கோழியால்ல போச்சு."

"அக்கா, மூணு மணி நேரந்தான் இருக்கு. நான் ஒத்த ஆளு. அவரு போர்ட் சுவெட்டன்ஹாம் ரயிலுக்குக் கரி போடப் போயிட்டாரு, நாலு மணிக்குத்தான் வருவாரு. எனக்கு வர்றதத்தான் ஆக்குவேன். சோறு, ரசம், நெத்திலிச் சம்பல், அவிச்ச மரவள்ளிக்கிழங்கு."

"மரவள்ளியா!" தலையில் கை வைத்துக்கொண்டாள். "தோட்டத்துச் சாப்பாட்டையா அவங்களுக்குப் போடப் போற?"

"ஆமாக்கா. நான் தோட்டத்துக்காரிதானே."

சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. இல்லாததற்கு அலையப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் மூன்று மணி நேரம் என்பது தாராளம். கொல்லையில் கிழங்கு பிடுங்கினேன். ஏழு வாழை இலை அறுத்தேன். அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலியை வறுத்து, மிளகாயைக் காரமாக அரைத்தேன். தேங்காய் துருவினேன். நடுவில் ஒரு வாய் காப்பிகூடக் குடித்தேன். இராஜம்மாக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, புளி போதுமா, உப்புப் பார்த்தாயா, இலையைத் துடைத்தாயா என்று கத்திக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் என் படியேற மனசில்லாதவள். இன்றைக்கு மனசு வந்தும் ஏற முடியவில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

வந்தார்கள். குழந்தையைப் பார்க்காமல் எந்தப் பாட்டியும் சாப்பிட உட்காருவாளா? ஏழு பேரும் போய்ப் பார்த்தார்கள். பார்த்ததால் பொதுக்குழாயில் மறுபடி தலை முழுகினார்கள். சீதாலெட்சுமியம்மாள் அரக்குப் பட்டுச் சேலை சொட்டச் சொட்ட என் வாசலில் நின்றாள். கூட வந்த ஆண்கள் வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டார்கள். இவளோ மாற்றுச் சேலை எடுத்து வரவில்லை. என்னிடம் இருந்ததில் நல்லதாக ஒரு நூல்சேலையை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். நாலு வருஷம் துவைத்த சேலை. உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து, இலை முன்னால் உட்கார்ந்தாள்.

பரிமாறினேன். சீதாலெட்சுமியம்மாள் கிழங்கைப் பார்த்தாள், சம்பலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாய்க்காலுக்கு அப்பால் இராஜம்மாக்கா பலகை மேலேயே ஏறி நின்றுவிட்டாள். அந்த அம்மாள் ஒரு துண்டுக் கிழங்கைப் பிட்டு, சம்பலில் தொட்டு வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு துண்டு பிட்டாள்.

"காலையிலேர்ந்து பலகாரமாத் தின்னு நாக்கே செத்துப்போச்சு," என்றாள். "அந்த ரசத்தக் கையில ஊத்து, பாப்போம்."

ஊற்றினேன். உள்ளங்கையைக் குவித்து உறிஞ்சிக் குடித்தாள். அதன்பிறகு எனக்கு நிற்க நேரமில்லை. ரசம் இரண்டு முறை கொதித்தது. சோறு போதாமல் இன்னொரு உலை வைத்தேன். அவர்கள் காத்திருந்தார்கள், அதற்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"ஒனக்கு எந்த ஊரும்மா?" என்றாள் சீதாலெட்சுமியம்மாள்.

"காப்பார் தோட்டம்மா," என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

"அப்ப அம்மா வீட்டுக்குப் போறப்ப எங்களத் தாண்டித்தான போவ. வந்துட்டுப் போ," என்றுவிட்டுச் சம்பலுக்குக் கையை நீட்டினாள்.

மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். இராஜம்மாக்கா வாய்க்காலுக்கு மேலாகக் குனிந்து, தணிந்த குரலில், "எனக்குங் கொஞ்சம் குடுடி," என்றாள்.

"தீட்டாச்சே அக்கா?"

"நாங்க குடுக்கத்தான் கூடாது. வாங்கலாம்," என்றாள். அந்தச் சட்டத்தை அவள் அப்போதுதான் போட்டிருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் கிழங்கும் சம்பலுமாகக் கொடுத்தேன், ஒரு தம்ளரில் ரசம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமலேதான் வாங்கினாள். ஆனால் என் கண் முன்னாலேயே தின்றாள்.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் அய்யாவு வந்தார். முகமெல்லாம் கரி. கொடியில் அரக்குப் பட்டுச் சேலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆண்கள் மாமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே என் பாயில், என் சேலையில், கையைத் தலைக்கு வைத்துச் சீதாலெட்சுமியம்மாள் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் காலருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"மாரி, யாரு இது...?" என்று வாசலிலிருந்து ஆரம்பித்தார் அவர்.

"ஷ்ஷ்! மெதுவா, அய்யாவு," என்றாள் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து இராஜம்மாக்கா. அவள் கையில் மூன்றாவது தம்ளர் ரசம் ஆவி பறந்துகொண்டிருந்தது. "சம்மந்தி தூங்குறாங்க."