ஏழாம் நம்பர் மிஷின்

பாடையில் கடைசி முடிச்சையும் போட்டாயிற்று. தூக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பிறந்த வீட்டுக் கோடி இன்னும் வந்து சேரவில்லை. கோடிச் சேலையைப் போர்த்திக்கொள்ளாமல் ஆனைக்குட்டத்தில் எந்தப் பொம்பளையும் புருஷனைக் காட்டுக்கு அனுப்பியதில்லை. வேலுத்தாய் புருஷன் ஊர்க்காவலனின் தலைமாட்டில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவேண்டியவன் அவள் தம்பி சங்கிலிமுத்து ஒருத்தன்தான்.

வந்ததென்னவோ ஊர்க்காவலன் வேலை பார்த்த சிவகாசிப் பிரஸ் மேஸ்திரி பெத்தணன். மாலையைப் போட்டோமா, போனோமா என்று மனுஷன் போயிருக்கலாம். ஊர்ப் பெரியவர்களை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று பேசினார். அது பொம்பளைகள் பக்கம் வர எம்புட்டு நேரமாகும்? ஏழாம் நம்பர் மிஷினை ஆவணியிலேயே கழித்துவிட்டார்களாம். நோட்டில் 'கழிவு' என்று எழுதியிருக்கிறதாம். ஓடாத மிஷினிடம் ஊர்க்காவலனுக்கு என்ன வேலை? பித்தளையைக் கழற்றித் திருடப் போனவன் மேல் சக்கரம் சரிந்துவிட்டதாம்.

வேலுத்தாய்க்கு அழுகை அப்படியே நின்றுபோனது. நஷ்டஈடு கொடுக்காமல் தப்பிக்கச் செத்தவனுக்குத் திருட்டுப் பட்டமா! அறுபத்திமூன்றாம் வருசக் காலண்டர் சீசன். கார்த்திகை பிறந்ததிலிருந்து ஏழாம் நம்பர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் பத்து நாளாகப் புலம்பினான். நேற்றுக் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போதுகூட, அவள் தம்பியிடம் சொல்லியிருப்பதாகவும், ரிப்பேர் என்று நோட்டில் ஏற்றிவிடுவான் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனான். சாயங்காலம் அந்த மிஷின் கையோடு சேர்த்து அவனை இழுத்துக்கொண்டது.

அந்த நோட்டு சங்கிலிமுத்துவின் பொறுப்பு. எது ஓட்டம், எது ரிப்பேர், எது கழிவு என்று மிஷின்வாரியாக அவன்தான் எழுதுவான். கழித்த மிஷினிலிருந்து பெல்ட்டை உருவிவிட்டு, சக்கரத்தில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுவதும் அவன்தான். அவனை எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிக்க வைத்தது ஊர்க்காவலனின் கூலி. முதலாளி வாசலில் நாலு நாள் காத்துக் கிடந்து அந்தக் கணக்கப்பிள்ளை வேலையை வாங்கிக் கொடுத்ததும் ஊர்க்காவலன்தான். அதனால் வேலுத்தாய்க்குப் பயமில்லை. நோட்டு தன் தம்பி கையில்தானே இருக்கிறது, அவன் வரட்டும் என்று நாலு பேர் காதில் விழும்படியே சொன்னாள்.

வந்தான். குனிந்த தலை நிமிராமல் கோடித் தட்டோடு அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஏலே சங்கிலி, ஒம் மச்சான் திருடப் போனாகளாம். ஏழாம் நம்பர் நேத்து ஓடுச்சா இல்லையா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அவன் மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நோட்டுல உள்ளதுதான்க்கா."

தட்டைப் பிடித்திருந்த கையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நகக்கண் ஒன்று விடாமல் சிவப்பு ஏறியிருந்தது. ஆவணியில் அடித்த பெயிண்ட் கார்த்திகையில் நகத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமா? பயல் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மிஷின் இரும்பு, அதற்கு ஒன்றும் தெரியாது. இவன் மச்சான் கையால் உருண்டைச் சோறு வாங்கித் தின்றவன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது. குனிந்து காதோரம் சொன்னான்.

"எனக்கு வேற வளி இல்லக்கா. வேலை போயிரும். நான் இருக்கேன்ல, கடைசி வரைக்கும் ஒனக்குக் கஞ்சி ஊத்துறேன்."

வேலுத்தாய் எழுந்து பாடை பக்கம் நின்றவர்களைப் பார்த்தாள்.

"எம் பொறந்த வீட்டுலருந்து ஆரும் வரல. தூக்குங்க."

ஊர்ப் பெரியவர் ஒருவர் தயங்கினார். "சங்கிலிதான் நிக்கானே தாயி."

"வரலன்னு சொல்றேன்ல. தூக்குங்க."

அதுவரைக்கும் மேஸ்திரிக்குப் பயந்து சுவரோரமாக நின்ற பிரஸ் ஆட்களில் நாலு பேர் முன்னால் வந்து தோள் கொடுத்தார்கள். பாடை போக வழிவிட்டுச் சங்கிலிமுத்து ஒதுங்கினான். அந்தத் தட்டை வாங்கிக்கொள்ள ஒருத்தரும் கை நீட்டவில்லை.