ஈரம் போகாத நாற்காலிகள்

மீட்டர் என்றாலே சன்னாசிக்கு ஆகாது. கட்டையில் இரண்டு ஊசியைக் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று நம்பர் காட்டும் சாமான் அது. அறுபது வயது வரைக்கும் கையால் தொட்டுப் பார்த்துச் செதுக்கியவருக்கு நம்பர் எதற்கு?

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில், அவர் வேலை பார்க்கும் லூகாஸின் பட்டறை. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பூவேலை நாற்காலி செய்துகொண்டிருந்த இடத்தில் இப்போது செதுக்கும் மெஷினும், கட்டை காயவைக்கும் சூட்டறையும் வந்துவிட்டன. ஜெர்மனிக்கு நாற்காலி ஏற்றப்போகும் முதல் கண்டெய்னர் இது. அது தேறினால் பட்டறை நிற்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடவேண்டியதுதான்.

மெஷின் பூக்கொடி வடிவத்தை வெட்டித் தள்ளும். இலை நரம்பையும் பூவிதழையும் சன்னாசி உளியால் முடிக்க வேண்டும். ஆனால் சூட்டறையில் காய்ந்த ரப்பர்க் கட்டை, உளி பட்டதும் அப்பளமாய்த் தெறித்தது. லூகாஸ் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அடுத்த கட்டைகள் காய்வதற்குள் சன்னாசி சூட்டறையை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

லூகாஸின் மனைவி விவியன் ஓடிவந்தாள். "மாமா, மீட்டர் இன்னும் பதினஞ்சு காட்டுது. எட்டுக்கு வரணும்லா."

"காட்டிட்டுப் போவுது. கொஞ்சம் ஈரம் இருந்தாத்தாம்மா உளி எறங்கும். உங்க பாதிரியார் உக்கார்ற நாக்காலி நான் செஞ்சது. அது வெடிச்சிச்சா?"

வெடிக்கவில்லைதான். பெரியவர் மனசு நோகுமே என்று விவியன் புருஷனிடம் வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்த லூகாஸ் பூக்களைத் தடவிப் பார்த்தான். "மெஷினு உங்க கால்ல விழணும் மாமா. மீட்டர் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு." விவியன் பார்த்தது பொய்யில்லையே.

கண்டெய்னர் போய்ச் சேர்ந்தபோது அங்கே குளிர்காலம். ராப்பகலாக வீட்டைச் சூடாக்கி வைக்கிற ஊர். விவியனின் போனில் படங்கள் வந்தன. மிச்சமிருந்த ஈரம் அந்தச் சூட்டில் காய்ந்து, ஒவ்வொரு நாற்காலியிலும் பூவின் நடுவே விரிசல். ஒன்றுகூட வேண்டாம் என்றுவிட்டான் வாங்கினவன்.

"கட்ட காயவே இல்ல. சூட்டறைக் கதவ யாரு தொறந்தது?" என்று லூகாஸ் கேட்டான்.

"நான்தான்," என்றார் சன்னாசி. "அவன் ஊரு காத்து சரியில்ல. இங்க இருந்தா வெடிச்சிருக்குமா?"

"அவன் ஊருக்குத்தானே மாமா செஞ்சோம்."

சன்னாசி உளிகளைத் துணியில் சுற்றினார். "நாளைக்கு வெள்ளனே வந்து மிச்சக் கட்டைய நானே காய வைக்கிறேன்."

"வேணாம் மாமா," என்றான் லூகாஸ். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு யாருமே வரவேணாம்."