எட்டுப் பள்ளங்கள்

முருகவேலைக் கண்டாலே கவியாவுக்குச் சந்தேகம். ஆள் அதிகம் பேசமாட்டான். ஏதாவது கேட்டால் சிரிப்பான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவனை எப்படி நம்புவது?

அண்ணாமலை மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் நடந்த சின்னக் கம்பெனி, அவள் வேலை பார்த்த இடம். காகிதம் போல மெல்லிய சோலார் பிலிமைத் தொப்பியின் மேல் ஒட்டி, அதில் வரும் மின்சாரத்தை ஒரு சர்க்யூட் வழியாகச் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கு ஏற்றுவதுதான் வேலை. கிரிவலம் வருகிறவர்களுக்கு விற்கலாம் என்று திட்டம். சோதித்துப் பார்க்க இரண்டு பேர் நேற்றுக் காலை ஒன்பது மணிக்குத் தொப்பியோடு மலையைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவன் முருகவேல். இன்னொருவன் கவியாவின் தம்பி அன்பரசன். இருவரும் தற்காலிகம். ஒருவனைத்தான் நிரந்தரமாக்க முடியும், யாரென்று இன்று சாயங்காலத்துக்குள் நீயே சொல் என்று முதலாளி பரசுராமன் பொறுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்.

நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு மின்சாரம் வந்தது என்று இரண்டு சர்க்யூட்டும் வரைந்த கோடுகளைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். தம்பியின் கோடு மழமழவென்று ஏறி உச்சி வெயிலில் நின்றது. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. முருகவேலின் கோடோ, சீச்சீ, குண்டும் குழியுமாகக் கிடந்தது. அதிலும் எட்டு இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் மின்சாரம் அடியோடு நின்றிருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால்தானே இப்படி வெயில் படாமல் போகும்! மாட்டினான் என்று நினைத்தாள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உடனே கூப்பிட்டாள்.

“உண்மையச் சொல்லுங்க. நடந்தீங்களா, ஆட்டோல போனீங்களா?”

“நடந்துதாங்க போனேன்.”

“அப்ப இது என்ன? எட்டு தடவ வெயிலே படல. என்ன முட்டாள்னு நெனச்சீங்களா?”

முருகவேலின் முகம் சுண்டிப்போனது. குனிந்து, திரையில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து விரலை நகர்த்தினான்.

“இது இந்திர லிங்கம். இது அக்னி லிங்கம். இது எமலிங்கம்...” எட்டாவதாக ஈசானிய லிங்கத்தில் விரல் நின்றது. “தொப்பியோட எப்படிங்க சாமி கும்புடறது? ஒவ்வொரு கோயிலாண்டயும் கழட்டி அக்குள்ல வெச்சிக்கினேன். அது தப்புன்னு தெரியாதுங்க.”

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கவியாவுக்கு எட்டு என்றதும் மலையைச் சுற்றியிருக்கும் எட்டு லிங்கக் கோயில்கள் தோன்றியிருக்க வேண்டாமா? வெட்கமாக இருந்தது.

“மத்த சின்னச் சின்ன எறக்கம்லாம்?”

“அடி அண்ணாமலை பக்கம் மரம் ஜாஸ்தி இல்லீங்களா? நெழலு.”

அவள் தம்பியின் கோட்டைத் திரும்பப் பார்த்தாள். அவன் எந்தக் கோயிலிலும் நின்றிருக்க மாட்டான், அது தெரிந்த கதை. ஆனால் பதினாலு கிலோமீட்டரில் ஒரு மரத்து நிழல்கூடவா அவன் தலையில் விழாது? முருகவேலை அனுப்பிவிட்டுப் போனை எடுத்தாள்.

“அன்பு, நேத்து தொப்பிய எங்கடா வெச்ச?”

“துணி காயப்போட நம்ம வீட்டு மாடிக்கு வந்தப்ப, அங்க வெயில்ல வெச்சிருந்த தொப்பிய அம்மா பாத்துட்டாங்க. அவங்க சொல்லிட்டாங்களாக்கா?”

அவள் வாய் திறப்பதற்குள் பரசுராமன் படியேறி வந்துவிட்டார்.

“என்னம்மா, யாருன்னு முடிவு பண்ணியா?”

“முருகவேல், சார்.”

கையிலிருந்த போனில் தம்பி “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.