வெர்னா கேட்ட குச்சி மேகசின்

ஹுடாக் வீட்டில் தோட்டா அடைத்துத் துப்பாக்கியில் செருகுகிற மேகசின்கள் மொத்தம் இருபத்து மூன்று. இருபத்து மூன்றும் ஒரே ரகம். எமில் ஹுடாக்கின் பிஸ்டலில் போகும், அவன் மனைவி வெர்னாவின் பிஸ்டலில் போகும், பெல் கிரீக் வேட்டைக்காரர் சங்கத்தில் பாதிப் பேருடைய பிஸ்டலிலும் போகும். இதில் எமிலுக்கு அப்படி ஒரு பெருமை. ஏதோ அந்த மேகசினை அவனே கண்டுபிடித்து உலகத்துக்கு தானம் பண்ணியது போலப் பேசுவான். ஆகவே அந்தக் குளிர்காலத்தில், சொந்தமாக ஒரு கார்பைன் கட்டப் போகிறேன் என்று வெர்னா பாகங்களை வரவழைக்க ஆரம்பித்தபோது, அதில் எந்த மேகசின் போகும் என்று எமில் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

வெர்னாவுக்கு அறுபத்தொரு வயது. கண்ணாடிக் குப்பித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவள். அவள் கட்ட நினைத்த கார்பைன் தோளில் வைத்துச் சுடுகிற குட்டைத் துப்பாக்கிதான், ஆனால் தின்பது பிஸ்டல் தோட்டா. வீட்டு நிலவறையில் எமிலின் வேலை மேசையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு அவள் கடை விரித்தாள். குழல் வந்தது, தோள்கட்டை வந்தது, மேல்பாகம் வந்தது. கீழ்ப்பாகம் மட்டும் பாக்கி. மேகசின் நுழைகிற வாய் அதில்தான் இருக்கிறது. ஒரு ரகத்துக்கு வெட்டிய வாயில் இன்னொரு ரகம் நுழையாது. வாங்கிவிட்டால் வாங்கியதுதான், பிறகு மனசு மாற வழியில்லை.

வெர்னா அதை வாங்காமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். காரணம் அவளுடைய இரண்டு கட்டைவிரல்கள்.

பிஸ்டல் மேகசினின் வாய் மேலே போகப்போகக் குறுகும். ஒவ்வொரு தோட்டாவையும் கட்டைவிரலால் அழுத்தி, முந்தைய தோட்டாவைக் கீழே தள்ளி, அந்த வாயின் உதட்டுக்கு அடியில் நுழைக்க வேண்டும். நான்காவது தோட்டாவில் வெர்னாவின் விரல் மூட்டு முனகும். ஆறாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் திணிப்பானையும் வாங்கிப் பார்த்தாள். அதையும் அழுத்த ஒரு கட்டைவிரல் வேண்டியிருந்தது. மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் ஆறு வருஷமாக அவளுடைய மேகசின்களை நிரப்புகிறவன் எமில்தான். முதல் போட்டியில் ஆசையாகத் தொடங்கினான், அதுவே வழக்கமாகிவிட்டது.

சங்கத்தில் மாதா மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இரும்புத் தகடு போட்டி. ஒவ்வொரு நிலையிலும் ஐந்து தகடுகள். ஐந்தையும் அடித்து முடித்தால் ஒரு ஓட்டம், அப்படி ஐந்து ஓட்டம். ஐந்தில் மோசமானதைக் கழித்துவிட்டு மற்ற நான்கின் நேரத்தைக் கூட்டுவார்கள். வெர்னா கோட்டில் நின்று சுடச் சுட, பின்னால் பெஞ்சில் எமில் காலி மேகசின்களை நிரப்பித் தள்ளுவான். "மகராணிக்கு சேவகன் வந்தாச்சா?" என்று பயல்கள் கிண்டலடிப்பார்கள். எமில் சலாம் போட்டுக் காட்டுவான். வெர்னாவும் சிரிப்பாள். என்னதான் செய்வாள்?

போன செப்டம்பரில் ஒரு தகடு கழன்று விழுந்து, அதை மாட்ட எமிலைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வெர்னாவின் முறை வந்தது. கையில் நான்கு காலி மேகசின். ஒன்றில் ஆறு தோட்டா திணிப்பதற்குள் விரல் மரத்துப்போயிற்று. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அறுபது வயதுக்கு மேல், ஒரு மேகசின் நிரப்பத் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தோமே என்ற அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள், அடுத்த வருஷம் ஒரு போட்டியாவது யார் கையும் படாமல் தானே நிரப்பிச் சுட வேண்டும். முடியாவிட்டால் சுடுவதையே விட்டுவிட வேண்டும்.

தவக்கால வெள்ளிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல் சாப்பாடு. மீனும் பியரோகிக் கொழுக்கட்டையும் தின்றுவிட்டு வெளியே வந்தபோது பெர்னி வாஸ்கோ அவளைக் கூப்பிட்டான். பெர்னி சங்கத்தில் நேரம் எடுக்கிற டைமர்காரன், ராணுவத்தில் இருந்தவன், தொண்டை சரியில்லாவிட்டாலும் வாய் ஓயாதவன்.

"என்ன வெர்னா, கீழ்ப்பாகம் இன்னும் வாங்கலையாமே? நல்ல நாள் பாக்கறியா?"

"எதை வாங்கறதுன்னு பாக்கறேன்."

"இங்க வா, ஒண்ணு காட்டறேன்."

அவன் லாரியின் பின்பலகையைத் தாழ்த்தி ஒரு மேகசினை எடுத்து வைத்தான். நேராக, நீளமாக, இரும்பில் செய்த பழைய ரகம். சங்கத்தில் அதைக் குச்சி என்பார்கள். அதன் வாய் குறுகவே இல்லை. தோட்டாக்கள் இடம் வலமாக மாறி மாறி மேலேவரை வந்து நின்றன. வெர்னா ஒரு தோட்டாவை வைத்து மேலிருந்து லேசாக அழுத்தினாள். க்ளிக் என்று உள்ளே போயிற்று. இன்னொன்று. இன்னொன்று. இருபது தாண்டியபோது மூச்சை அடக்கிக்கொண்டாள். முப்பதும் போயிற்று. விரல் வலிக்கவில்லை.

"என்னம்மா, கண்ணு கலங்குது?"

"குளிரு. போடா."

மறுநாள் காலை அவள் செய்தியைச் சொன்னபோது எமில் முட்டையைக் கரண்டியோடு அப்படியே வைத்துவிட்டான்.

"குச்சியா? ஏன், நம்ம வீட்ல இருக்கறதுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. எனக்கு இது பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கா? இதென்ன ஜன்னலுக்குத் துணி எடுக்கறியா? மேட்ச்ல ஒண்ணு மக்கர் பண்ணா யார்கிட்ட கேப்ப? அந்தக் கெழட்டு பெர்னிய விட்டா ஒருத்தன்கிட்டயும் கெடையாது."

"கெழட்டு பெர்னி இருக்கான்ல, போதும்."

"என் கைக்கு அது பழக்கமில்ல வெர்னா. நான் எப்படி ரொப்புவேன்?"

"நீ ரொப்ப வேணாம்."

அவ்வளவுதான். எமில் எழுந்து போய்விட்டான். மூன்று நாள் நாயோடு மட்டும் பேசினான், அதுவும் வெர்னாவுக்குக் கேட்கிற மாதிரி. "நம்மள யாரும் வேணாங்கறாங்கடா." காரணத்தைச் சொன்னால் அவன் உருகிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். குச்சிக்கான கீழ்ப்பாகமும் நான்கு மேகசின்களும் வந்தன. ஒவ்வொரு ஊசியையும் சுருள்வில்லையும் அவளே கோத்து, அவளே மாட்டி, ஏப்ரல் முதல் வாரம் காலி இடத்தில் சுட்டுச் சரிபார்த்தாள். அந்தத் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தபோது, நான் செய்தது, நான்தான் செய்தேன் என்று அவளுக்கு மார்பு விம்மியது.

அந்தப் பெருமைதான் ஏப்ரல் போட்டியின் முதல் நிலையில் காலை வாரிவிட்டது.

குச்சியில் முப்பது போகும், ஆனால் முப்பது போடக் கூடாது. நிறைய நிரப்பிய மேகசினைத் துப்பாக்கிக்குள் தோட்டாவைத் தள்ளுகிற போல்ட் மூடியிருக்கும்போது செருகினால் கொக்கி பிடிக்காது. பிடித்தது மாதிரி சும்மா நிற்கும். இரண்டு குறைத்துப் போடு என்று பெர்னி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் முப்பதையும் தன் விரலால் நிரப்பி முடித்தவளுக்கு அதில் இரண்டை வெளியே எடுக்க மனசு வரவில்லை. பயல்கள் பார்க்கட்டும், ஒரே மேகசினில் ஐந்து ஓட்டத்தையும் முடிக்கிறேன் என்று கோட்டுக்குப் போனாள்.

டைமர் கூவியது. முதல் குண்டு தகட்டில் பட்டது. மேகசின் அவள் பூட்ஸ்மேல் விழுந்து ஜல்லியில் உருண்டது.

"வெர்னா, என்னமோ கீழ போட்டுட்ட!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. அவள் இடுப்பிலிருந்து இன்னொன்றை உருவி மாட்டி மீதித் தகடுகளை அடித்து முடித்தபோது பதினோரு விநாடி ஆகியிருந்தது. நல்லவேளை, மோசமான ஓட்டம் கழிந்துபோகும். மற்ற நான்கையும் காது சிவக்கச் சுட்டு முடித்தாள்.

கடைசி நிலைக்கு முன்னால், பெர்னியின் லாரிப் பின்பலகையில் உட்கார்ந்து அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது எமில் வந்து கையை நீட்டினான்.

"கொடு. நான் ரொப்பித் தரேன்."

"வேணாம்."

"ஊரே சிரிச்சுது. நான் ரொப்பியிருந்தா இருவத்தெட்டோட நிறுத்தியிருப்பேன்ல?"

"விழுந்தா விழட்டும். நான் ரொப்பி விழுந்துச்சு." வெர்னா மேகசினை மடியில் வைத்துவிட்டு இரண்டு கட்டைவிரல்களையும் அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். மூட்டு இரண்டும் கொட்டை மாதிரி புடைத்திருந்தன. "செப்டம்பர்ல எனக்கு வயித்துவலி இல்லய்யா. உன் மேகசின்ல என்னால ஆறு தோட்டாக்கு மேல போட முடியாது. இதுல முடியுது. அவ்வளவுதான் கதை."

எமில் அந்த விரல்களையே பார்த்தான். "எங்கிட்ட சொல்லக் கூடாதா? அதான் நான் இருக்கேனே! ஆறு வருஷத்துல ஒரு நாள் மொகம் சுளிச்சேனா?"

"சுளிக்கல. அதனாலதான் சொல்ல முடியல."

"எவ்ளோ ஆசையா பண்ணேன் தெரியுமா?"

"தெரியும். ஆனா நான் சுடறப்ப எல்லாம் நீ எங்க இருந்த?"

"இதென்ன கேள்வி? பின்னாடி பெஞ்சுல, உனக்குத்தான் ரொப்பிக்கிட்டு..."

"குனிஞ்சுக்கிட்டு. தோட்டா டப்பாக்குள்ள தலைய விட்டுக்கிட்டு. உனக்குச் சத்தம்தான் கேட்டிருக்கும். ஆறு வருஷமா நான் சுட்டு நீ பாத்ததே இல்ல எமில்."



கடைசி நிலையில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு நிரப்பிய குச்சியைச் செருகி, அடியில் ஒரு தட்டுத் தட்டி, பிடித்து இழுத்தும் பார்த்துக்கொண்டாள். பிடித்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். எமில் கோட்டுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டான், வெளியே எடுத்தான், கடைசியில் மார்பில் கட்டிக்கொண்டான்.

முதல் ஓட்டம் நான்கு விநாடி. அடுத்தது கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் ஒரு தகடு தவறி மறுபடி அடித்தாள். நான்காவதில் அவள் யோசிக்கவே இல்லை, கண் போன இடத்துக்குக் குழல் போயிற்று. ஐந்தாவதில் ஐந்து தகடும் ஒரே மூச்சில் மணியடித்தன.

"மூணு புள்ளி ஒண்ணு!" என்று பெர்னி கத்தினான். ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு வேகமாக அடித்ததே இல்லை. துப்பாக்கியைக் காலியாக்கிக் காட்டி, கீழே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினாள். கூட்டம் கைதட்டியது. எமில் மட்டும் கைதட்டவில்லை. கட்டிய கை கட்டியபடியே நின்றான், கன்னம் நனைந்திருந்தது.

"பெர்னி, ஆறாவது ஓட்டம் கெடையாதா?"

"என்னய்யா இது, அஞ்சுதான்னு தெரியாதா உனக்கு? விதிப் புத்தகத்த வச்சு எங்க தலையில அடிக்கறவனே நீதான்!"

"தெரியும்டா," என்றான் எமில். "ஆறு வருஷத்துக்கு அஞ்சு எப்படிடா பத்தும்?"