மைனஸ் இருபதைத் தாண்டிய தார்

சனிக்கிழமை மதியம் மியூனிக்கில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. ராகவ் கிளம்பத் தயாராக நின்றபோது மனைவி தேஜஸ்வினி போன் செய்தாள்.

"டெஸ்ட் இன்னும் முடியல. பாதியில விட்டுட்டு வர முடியாது, ராகவ்."

அவனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் காலையில் செய்த எலுமிச்சை சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு, பக்கத்து ஊரான கார்ஹிங்கில் அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கே போனான். கல்யாணமான பிறகு அங்கே அவன் நுழைவது அதுதான் முதல் தடவை.

ஆளுயரக் குளிர்ப்பெட்டி ஒன்றின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னே ஒரு கறுப்புத் துண்டு, மேலும் கீழும் இரும்புப் பிடியில் நின்றது.

"இந்தத் தார்க்கட்டிக்காகவா பிரியாணிய விட்டோம்?"

"தார் ரோடுதான் அது, சின்ன சைஸ்ல. குளிர்ல எப்ப விரிசல் விடும்னு பார்க்கிறேன்."

"குளிர்ல எதுவும் சுருங்கத்தானே செய்யும்?"

"சுருங்கத்தான் பார்க்கும். ஆனா ரோடு கிலோமீட்டர் கணக்கா நீண்டு, அடியில இருக்கிற கல்லோட ஒட்டிக் கிடக்கு. எங்க சுருங்கும்? வெயில் காலத்துல தார் இளகிக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குளிர்ல விறைச்சிடும். இழுவை ஏறி, தாங்காம குறுக்கால பிளந்துடும். அப்புறம் தண்ணி உள்ள இறங்கி உறைஞ்சா விரிசல் பெரிசாகும். இங்கயும் அதேதான். ரெண்டு முனையையும் நகர விடாம பிடிச்சுக் குளிர வைக்கிறேன்."

வழக்கமான தார்க் கலவைகள் மைனஸ் இருபது டிகிரிக்குள் உடைந்துவிட்டன. இது பழைய டயர் ரப்பரைப் பொடித்துச் சேர்த்து அவளே தயாரித்தது.

ஒரே டப்பாவில் இருவரும் சாப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த கணினித் திரையில் மைனஸ் பத்தொன்பது. ராகவின் ஸ்பூன் தானாக நின்றது. மைனஸ் இருபது. இருபத்தொன்று. துண்டு அப்படியே இருந்தது.

"உடையாம இருக்கணும், தேஜு," என்றான் மெதுவாக.

அவள் சிரித்தாள். "உடையணும்டா. எதுவரைக்கும் தாங்குதுன்னு தெரிய வேண்டாமா? ஆனா கொஞ்சம் லேட்டா உடையட்டும்."

மைனஸ் இருபத்தாறில் 'டக்' என்று ஒரு சத்தம். துண்டின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு. திரையில் ஏறிக்கொண்டே வந்த இழுவைக் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது. ராகவுக்கு ஒரு நிமிஷம் வருத்தமாகக்கூட இருந்தது. அவளைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இருபத்தாறு," என்றாள். "நான் இருபத்திமூணு வந்தாலே போதும்னு நினைச்சேன்."

அவன் நண்பருக்குப் போன் செய்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறோம், பிரியாணி மிச்சம் வையுங்கள் என்றான். பிறகு மேல்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அடுத்த துண்டு எது? நான் தூக்கித் தரேன்."