பின்பால் மெஷினில் அத்தையின் முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பின்பால் மெஷினைப் பார்த்தேன். கம்பியை இழுத்துவிட்டால் இரும்புப் பந்து மேலே ஓடி, மணிகளில் முட்டி மோதிக் கீழே வருமே, இரண்டு பக்கமும் பொத்தானை அழுத்தி விழாமல் தட்டுவோமே, அதுதான். அதன் தலையில் மாட்டும் படக் கண்ணாடி மட்டும் இரண்டு இருந்தன. ஒன்றில் கயிற்றின்மேல் நடக்கும் சர்க்கஸ்காரிக்கு முகமே இல்லை. மற்றதில் அதே சர்க்கஸ்காரி, அதே மஞ்சள் குடை. முகம் மட்டும் யாரோ குடும்பத்துப் பெண்ணுடையது, கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக.

"எது பிடிக்குதோ மாட்டிக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அந்த வீட்டில் காலடி எடுத்துவைத்த நாள்முதல் அவள் கண்களில்

[வேண்டாம். கண்ணீர்க் கதை என்று மூடிவைத்துவிடுவீர்கள்.]

ஒரு மாமனார், ஒரு மருமகள். மனைவி போனபிறகு மாமாவுக்குப் பின்னறையில் அந்த மெஷினோடுதான் பொழுது. வாய் திறந்து பேசுவது அபூர்வம். அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று மருமகளுக்கு ஆசை. அவர் முடிவெட்டப் போயிருந்த நேரம், கண்ணாடியைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தாள். முன்பக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். படம் உள்பக்கத்தில் வெறும் பெயிண்டாக ஒட்டியிருப்பது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? சர்க்கஸ்காரியின் முகம் துணியோடு வந்துவிட்டது.

(மகனை வேண்டுமென்றே கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டேன். இருந்தால் நடுவில் புகுந்து சமாதானம் பேசிக் கதையைக் கெடுப்பான்.)

3

மாமா திட்டவில்லை. "விடும்மா. நான் படத்தையா பாக்குறேன், பந்தைத்தானே பாக்குறேன்" என்று பழையபடி விளையாடப் போய்விட்டார். அவளும் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

போர்டு எழுதும் ஓவியரிடம் போய், அதே படத்தைப் புதுக் கண்ணாடி ஒன்றில் வரைந்து தரச் சொன்னாள். "பழைய முகம் எப்படிங்க இருந்துச்சு?" என்று அவர் கேட்டதும் விழித்தாள். துடைத்தவளே சரியாகப் பார்த்ததில்லை. மறுநாள் அத்தையின் கல்யாண போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தையை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

(இவ்வளவு அசட்டுத் துணிச்சல் ஒருத்திக்கு வருமா? எனக்கே சந்தேகம். அன்பு இருந்தால் வரும் என்று விட்டுவிட்டேன்.)

4

புதுக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. மாமா வெகுநேரம் பார்த்தார். சிரித்தார்கூட. பிறகு மெஷினை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவர்தான், அந்த அறைப் பக்கமே போகவில்லை.

"மாமா, பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. கழட்டிடறேன்."

"ஐயையோ, நல்லாத்தான் இருக்கும்மா. மூக்கு அச்சு அசல் அவளேதான்."

"அப்புறம் ஏன் விளையாட மாட்டேங்கிறீங்க?"

"அவ பாத்துக்கிட்டு நிக்கிறப்ப எப்படிம்மா விளையாடுறது? சாப்பாடு ஆறுது, வாங்கன்னு கூப்பிடுவா. 'இரு, ஒரே ஒரு பந்து'ம்பேன். தினமும் இதே பாட்டுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. அப்பவும் அதையேதான் சொன்னேன். நின்னு பாத்துட்டுத் தனியாவே போயிட்டா. திரும்பி வரல."

மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல்தான் மனிதர் இத்தனை நாள் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் கொண்டுவந்து கண்ணெதிரே விளக்குப் போட்டு மாட்டியிருக்கிறாள்.

5

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவள் பழைய கண்ணாடியை மாட்டுகிறாள். முகமில்லாதவள் முன்னால் அவர் நிம்மதியாக விளையாடுகிறார். எழுதியவனின் கோழைத்தனம் அது. இன்னொன்றில், படத்திடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கே கூச்சமாக இருந்தது, கிழித்தேன். மூன்றாவதில் மெஷின் விலைக்குப் போகிறது. அது எப்படியும் நடந்ததுதான், நானே கடையில் பார்த்தேனே.

அதற்கு முன்னால் ஒரு மதியம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மாமா தானாக எழுந்து போய் விளக்கைப் போடுகிறார். கம்பியை இழுத்துவிடுகிறார். பந்து மேலே ஏறி மணிகளில் மோதுகிறது. சமையலறையிலிருந்து மருமகள், யோசிக்காமல், குரல் கொடுக்கிறாள்:

"மாமா, சாப்பாடு ஆறுது, வாங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் விரல்கள் பொத்தான்மேல். படத்தை நிமிர்ந்து பார்க்கிறார். வாய் திறக்கிறார்.

என்ன சொல்லவைப்பது? எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், பந்து நிற்காது.