வெட்டக் கூடாத குழாய்

ஈரி ஏரிக்கரையில் குளிர்காலம் பாதி வானத்திலிருந்து வரும், பாதி உப்பு லாரியிலிருந்து வரும். பனி வண்டியைச் சறுக்கிவிடும். சறுக்காமலிருக்கத் தூவும் உப்பு வண்டியையே தின்றுவிடும். மார்சியின் பிக்கப் வண்டிக்கு அடியில் பின்சக்கரம் வரை ஓடிய பிரேக் குழாய், குழாய் என்ற பேரை மட்டும்தான் மிச்சம் வைத்திருந்தது. மற்றதெல்லாம் துரு.

வியாழக்கிழமை காலை வண்டிச் சோதனை. அன்று மாலை தீயணைப்பு மன்றத்தில் கூட்டம். கண்ணாடியில் சோதனை தேறிய புது ஸ்டிக்கரோடு வந்து நிற்கும் வண்டிக்குத்தான் மன்றத்தின் வண்டி நிறுத்தும் மைதானத்தில் பனி தள்ளும் வேலை, குளிர்காலம் முழுக்க. போன வருடம் மார்சியின் வண்டி சோதனையில் தோற்றது. காரணம் இதே குழாய்தான். போன வருடமும் உதவிக்கு வந்தவர் அவள் கணவனின் அண்ணன் கார்டி ஹாஸ்தான். மைதானம் யாருக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடமும் புதன்கிழமை மதியமே கார்டி வந்துவிட்டார். பழைய கார் சங்கத்தின் ஜாக்கெட், முதுகில் 'தலைவர்' என்று தங்க நூல் எழுத்து. ஒரு கையில் மடக்கு நாற்காலி. மறு கையில் அவரே கலக்கிய, துருவை இளக்கும் எண்ணெய்ப் புட்டி. அதில் என்ன கலந்திருக்கிறது என்று மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாவும் கேட்டதில்லை.

நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

"வெட்டிடாத மார்சி. குழாயை வெட்டுறவன் மெக்கானிக் இல்ல, கசாப்புக்காரன். எங்க அப்பா ஒரு குழாயக்கூட வெட்டுனதில்ல. முழுசா கழட்டி, அதை மாதிரியா வெச்சுத்தான் புதுசை வளைப்பாரு."

"புதுசு வளைச்சாச்சு கார்டி. துணி மாட்டுற கம்பியை வெச்சு அளவெடுத்தேன். அதோ சுவத்துல சாஞ்சிருக்கு பாரு."

கார்டி பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்காததால், "ம்ம், பளபளப்பா இருக்கு" என்றார், அதுவே ஒரு குற்றம் போல.

முன்பக்க நட்டு கழன்றிருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. பின் அச்சின் மேல், குழாய் இரண்டாகப் பிரியும் பித்தளைக் கட்டைக்குள் உட்கார்ந்திருந்த நட்டு. அது உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் கட்டையே போச்சு. புதுக் கட்டை வர அடுத்த வாரமாகும். மைதானம் மறுபடியும் கார்டிக்கு.

"நகரு, நான் காட்டுறேன்" என்று கார்டி வாய் திறந்த ஸ்பேனரோடு அடியில் நுழைந்தார். மார்சியின் கணவன் லென்னி விளக்கோடு குனிந்தான். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவே நின்று பழகியவன் அவன். விளக்கு பிடிப்பது அதற்குத் தோதான வேலை.

"லென்னி, லைட்டை நட்டு மேல பிடி. உங்கண்ணன் மூஞ்சியில பிடிக்காத."

ஸ்பேனர் 'டக்' என்றது.

"கேட்டியா? தளருது!" என்றார் கார்டி.

மார்சிக்கு அந்தச் சத்தம் தெரியும். போன வருடம் கேட்டதுதான். நட்டின் ஒரு முனை மழுங்கி விடைபெறும் சத்தம்.

"வெளிய வா கார்டி."

"இன்னும் ஒரு இழு..."

"வெளிய வா. இந்தக் குழாய் நாளைக்கு எங்க போகுது, சொல்லு."

"குப்பைக்கு."

"அப்ப அதுக்கு வலிக்காம யாருக்காகப் பாத்துக்கிறோம்?"

கார்டி தவழ்ந்து வெளியே வந்ததும் அவள் அடியில் போய், குழாயை நட்டை ஒட்டி வெட்டினாள். தகர டப்பாவில் பிரேக் ஆயில் சொட்டியது. கார்டி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டில் நிற்பவர்கூட அவ்வளவு துக்கமாக நின்றிருக்க மாட்டார்.

இதுவரை சாக்கெட்டை நட்டின் மேல் ஏறவிடாமல் குழாய் வழிமறித்துக்கொண்டிருந்தது. இப்போது நட்டு மொட்டையாக நின்றது. அதன் தலையில் ஆறு முனை சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். ஒரு முனை போனாலும் ஐந்து மிச்சமிருந்ததால் கவ்விக்கொண்டது. இன்னொரு ஸ்பேனரால் பித்தளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, சாக்கெட்டை வலப்பக்கம் மெல்ல அழுத்தினாள்.

"அது இறுக்குற பக்கம்!" கார்டி அலறினார்.

"தெரியும். துரு விட்டுக்கொடுக்கணும்னா முதல்ல அதைக் கொஞ்சம் ஏமாத்தணும்."

இறுக்கினாள், ஒரு நூலளவு. பிறகு இடப்பக்கம். ஒன்றுமில்லை. எண்ணெய் சொட்டு விட்டாள், கார்டியின் புட்டியிலிருந்தேதான். மறுபடி வலம், மறுபடி இடம்.

கிரீச்.

நட்டு அசைந்தது. கால் சுற்று, திரும்பக் கொஞ்சம், அப்புறம் அரைச் சுற்று. கடைசியில் விரலாலேயே சுழற்றி எடுத்தாள். கட்டைக்குள் மரை முழுசாக, பளிச்சென்று இருந்தது.

"லென்னி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லென்னி விளக்கைக் கீழே போட்டுவிட்டு அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்து, எண்ணெய்க் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அண்ணன் பார்க்கிறாரே என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் புதுக் குழாய் ஏறியது. லென்னி பெடலை மிதிக்க, அவள் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றினாள். காலையில் ஸ்டிக்கர். மாலையில் மைதானம்.

கூட்டத்தில் கார்டி எழுந்து கனைத்தார். "ஹாஸ் முறையில கடைசிப் படி வெட்டுறது. அதை எப்ப செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும். நேத்து நான் பக்கத்துல இருந்தேன்." சொன்னது அத்தனையும் உண்மைதான். பக்கத்தில் இருந்தார்.

அன்றிரவே பனி கொட்டியது. வெள்ளிக்கிழமை மன்றத்தில் நடக்கும் மீன் விருந்துக்கு முன்வரிசையில் தன் வண்டியை நிறுத்த, கார்டி வழக்கம்போல முந்தின நாளே மடக்கு நாற்காலியைப் போட்டு இடம் பிடித்திருந்தார். ஊரில் அப்படிப் போட்ட நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். மார்சியும் தொடவில்லை. மைதானம் முழுக்கக் கறுப்புத் தார் தெரியும்படி தள்ளினாள். நாற்காலியை மட்டும் சுற்றி வளைத்துக்கொண்டு போனாள். இடுப்பளவு பனிக்கு நடுவே அதன் முதுகு மட்டும் எட்டிப் பார்த்தது.

கார்டி வந்து இறங்கி அதைப் பார்த்தபடி நின்றார். மார்சி வேகமாக அவரை நோக்கி ஓட்டி வந்து, பிரேக்கை மிதித்தாள். வண்டி அவர் பூட்ஸுக்கு முன்னால் அசையாமல் நின்றது.

கண்ணாடியை இறக்கினாள். "தலைவர் இடம் அப்படியே இருக்கு கார்டி. யாரும் தொடல."